முதல் பேரப்பிள்ளை: சேனை வைத்தே தீருவேன் என்கிற நாத்தனாரை என்ன செய்வது?

பெரியகுளத்தம்மா:

எல்லோருக்கும் வணக்கம். சமையல் பகுதியிலேயே சுற்றிக்கொண்டிருந்தவள், இந்தப் பக்கம் இன்றைக்குத்தான் வருகிறேன். மருமகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவம், அருப்புக்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். மகன் புனேயிலிருந்து தினமும் போன் போட்டு "அம்மா, பையெல்லாம் எடுத்து வச்சாச்சா?" என்று என்னைக் கேட்கிறான், பிள்ளை பெறப்போவது நான்தான் என்கிற மாதிரி.

விஷயம் என்னவென்றால், எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் என் பெரிய நாத்தனார்தான் சேனை வைப்பார், அதாவது பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பார். என் பிள்ளைகளுக்கு அவர்தான், கொழுந்தன் பிள்ளைகளுக்கும் அவர்தான். எழுபதைத் தாண்டிய மனுஷி, நல்ல மனசு, கையில் காசு தங்காது, கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுவார். அந்தக் குணம் பிள்ளைக்கு வரட்டும் என்றுதான் என் மாமியார் அவர் கையால் வைக்கச் சொன்னது. இப்போதும் சீனித்தண்ணியில் தேன் கலந்து நாக்கில் தொட்டு வைக்கவேண்டும் என்று கொடைக்கானல் மலைத்தேன் வாங்கித் தயாராக இருக்கிறார். மருமகளோ ஏழாம் மாதமே சொல்லிவிட்டாள்: "அத்தை, தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு எதுவும் வாயில வைக்கக்கூடாது, நீங்கதான் பார்த்துக்கணும்."

மதினியிடம் (நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வேண்டாம் என்று சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் வாய் வராது. "அது உங்க பொம்பளைங்க சமாச்சாரம்" என்று என் வீட்டுக்காரர் நைசாகக் கழன்றுகொண்டார். மருமகளிடம் சரி என்று தலையாட்டியவள் நான்.

அப்புறம் இன்னொன்று. பிள்ளை பார்க்கப் போகும்போது மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இப்போதெல்லாம் என்னென்ன கொண்டு போகிறார்கள்? எங்கள் காலத்தில் பிரசவ மருந்துச் சாமான், பூண்டு, கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று ஒரு கூடையே போகும். இப்போது அதைக் கொண்டு போனால் சிரிப்பார்களோ?

நர்ஸம்மா:

அக்கா, துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறவள் நான். இந்தப் பஞ்சாயத்து எனக்கு வாராவாரம் வரும், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை எந்தக் குழந்தைக்கும் தேன் கூடாது. மலைத்தேன், கொம்புத்தேன், கடைத்தேன் எல்லாம் ஒன்றுதான். தேனில் க்ளாஸ்ட்ரிடியம் என்கிற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அது ஒன்றும் செய்யாது, பச்சைக்குழந்தையின் குடலில் அது வளர்ந்து நஞ்சைக் கக்கும். முதலில் மலச்சிக்கல், அப்புறம் அழுகை ஈனக்குரலாகப் போகும், பால் உறிஞ்ச முடியாது, கழுத்தும் கைகாலும் துவண்டுவிடும். நூற்றில் ஒரு குழந்தைக்குக்கூட வராதுதான், ஆனால் வந்தால் மூச்சுக்கே ஆபத்து.

சீனித்தண்ணி விஷயம் வேறு. பிறந்த அன்று குழந்தையின் வயிறு கொள்வது சில ஸ்பூன் அளவுதான். அதில் சீனித்தண்ணியை ஊற்றினால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும், மார்பில் வாய் வைக்காது. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். முதல் இரண்டு நாள் உறிஞ்சாமல் விட்டுவிட்டு, மூன்றாம் நாள் "இவளுக்குப் பாலே இல்லை" என்று அந்தப் பெண்ணின் தலையில் பழியைப் போடுவார்கள். தண்ணியும் ஸ்பூனும் கையும் எவ்வளவு சுத்தம் என்பது தனிக் கதை.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கவேண்டும். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் வரும். கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விடச் சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் நிறைய இருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், கத்திரி வெயிலில்கூட தனியாகத் தண்ணி தேவையில்லை.

உங்கள் மதினிக்கு ஒரு வழி. சேனை வைப்பதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எதை வைப்பது, எங்கே வைப்பது என்பதை மட்டும் மாற்றுங்கள். எங்கள் பக்கம் ஒரு பாட்டியை உள்ளங்காலில் தொட்டு வைக்கச் சொன்னோம், சம்மதித்தார். கையில் வேண்டாம், கை நேரே வாய்க்குப் போகும். காலில் வைத்தாலும் உடனே துடைத்துவிடுங்கள், சீனிக்கு எறும்பு வரும்.

கொங்குமாமா:

ஏனுங்க நர்ஸம்மா, எங்க ஊர்ல கழுதைப்பால் விக்கிறவர் கழுதையைக் கையோட பிடிச்சிட்டே தெருத்தெருவா வருவாருங்க, சங்குல அளந்து கொடுப்பாரு. எனக்கு அதையேதான் ஊத்துனாங்களாம். அறுபத்தி மூணு வயசுல இன்னும் தோட்டத்துல மம்பட்டி பிடிக்கிறேன். தேனும் சீனித்தண்ணியும் சாப்பிட்டவங்கதானே நாம எல்லாரும்? எதையெடுத்தாலும் கிருமின்னா பெரியவங்க செஞ்சது அத்தனையும் தப்பா?

பெரியகுளத்தம்மாளுக்கு என் யோசனை: மதினி மனசை நோகடிக்காதீங்க. ஒரு சொட்டுல என்ன ஆயிரப்போகுது.

ஓய்வெழுத்தர்:

கொங்கு மாமா சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. "நாமெல்லாம்" என்று பேச இங்கே இருப்பவர்கள் பிழைத்தவர்கள் மட்டும்தான். 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கில் 2020இல் அது 28. தமிழ்நாட்டில் 13. என் அம்மாவுக்குப் பிறந்தவர்கள் ஏழு பேர், தங்கியது நாலு. போனவர்களுக்கு என்ன கொடுத்தார்கள், எதனால் போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. "சாமி எடுத்துக்கிச்சு" என்பதோடு கணக்கு முடிந்துவிட்டது. தேன்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைப் பிரசவம், தடுப்பூசி, சுத்தமான தண்ணீர் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் இறங்கியது. "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பதை மட்டும் ஆதாரமாக வைக்காதீர்கள் என்கிறேன்.

கொங்குமாமா:

கணக்கு எழுதுனவருகிட்ட வாயக் கொடுத்தது என் தப்புங்க. சரி, தேனை விட்டுட்டேன். கழுதைப்பாலையும் விடணுமா?

நர்ஸம்மா:

விடணும் மாமா. காய்ச்சாத பால் எந்தப் பாலாக இருந்தாலும் பச்சைக்குழந்தைக்கு ஆகாது. மம்பட்டி பிடிப்பது உங்கள் உடம்பு வாகு, கழுதைக்கு அதில் பங்கில்லை :)

அரைத்தூக்கம்:

நான் நாலு மாதக் குழந்தைக்கு அம்மா. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் போன், எழுத்துப் பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். பெரியகுளத்தம்மா, "மருமகளிடம் தலையாட்டியவள் நான்" என்று எழுதினீர்களே, அதற்கே உங்கள் மருமகள் கொடுத்து வைத்தவள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், யாரையும் குறை சொல்வதற்காக இல்லை, கொஞ்சம் குறை சொல்வதற்காகவும்தான்.

எனக்கு ஆபரேஷன். வார்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலமே பதினைந்து பேர் வந்தார்கள். எல்லோரும் நேராகத் தொட்டிலுக்குப் போனார்கள். "மூக்கு அப்பன் மூக்கு", "கலரு கொஞ்சம் மட்டுத்தான், போகப்போக வந்துரும்", "வலி தாங்க மாட்டேன்னுட்டாளா, அதான் ஆபரேஷனா?" இப்படியே போனது. தையல் வலியில் நான் இருமக்கூடப் பயந்து கிடக்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்டது மாடியில் குடியிருக்கும் அக்கா ஒருத்திதான். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து டப்பாவில் போட்டுக் கொண்டு வந்திருந்தார்கள்.

அப்புறம் அந்தக் கேள்வி. "பால் இருக்கா? பத்துதா?" காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர், ராத்திரி போனில் ஒருவர். குழந்தை எதற்கு அழுதாலும் பால் பற்றவில்லை என்றே தீர்ப்பு. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்து, ராத்திரியெல்லாம் அழுதுகொண்டு கிடந்தேன். தயவு செய்து உங்கள் மருமகளிடம் அதைக் கேட்காதீர்கள். சம்பந்தி வீட்டுக்காரர்களையும் கேட்க விடாதீர்கள்.

கூடை கொண்டு போங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் அவளுக்கென்று ஏதாவது இருக்கட்டும். முன்பக்கம் பட்டன் வைத்த காட்டன் நைட்டி இரண்டு மூன்று வாங்கிக் கொடுங்கள், பால் கொடுக்க அதுதான் வசதி. குழந்தைக்குப் புதுச்சட்டை ஆளாளுக்கு வாங்கி வருவார்கள், சரிகையும் கழுத்துப் பட்டையும் வைத்து, ஒன்றையும் போட முடியாது. பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வெயிலில் காயவைத்து மடித்துக் கொண்டு போங்கள், அதற்கு ஈடே இல்லை. போன இடத்தில் "நீ ரெண்டு மணி நேரம் தூங்கு, பிள்ளையை நான் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பாலுக்கு அழுதால் மட்டும் எழுப்புங்கள்.

டொரண்டோ அப்பம்மா:

தங்கச்சி அரைத்தூக்கம் எழுதினதை வாசிச்சுக் கண் கலங்கிவிட்டது. நான் யாழ்ப்பாணம், இப்ப மகன் குடும்பத்தோட கனடாவில். போன மாரியில்தான் எங்கட முதல் பேத்தி பிறந்தவள்.

எங்கட பக்கம் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, தீட்டுக் கழிக்கிறது. வீடு கழுவி, பிள்ளைக்கு மொட்டை அடிச்சு, சொந்தக்காரரைக் கூப்பிட்டுச் சாப்பாடு. அதுவரைக்கும் வெளி ஆக்கள் வந்து தூக்குறது குறைவு. முன்பு அது எனக்குக் கரைச்சலாகத்தான் தெரிஞ்சது, இப்ப யோசிச்சால் தாய்க்கு அந்த ஒரு மாதம் ஓய்வு எடுக்க அது ஒரு சாட்டு. சரக்கு அரைச்ச கறி, பால்சுறா வறை, மருந்து இலைகள் அவிச்ச வேதுத் தண்ணியில் முழுக்கு, எல்லாம் தாய்க்குத்தான். ஏணை கட்டித் தாலாட்டுறதை இங்க செய்ய ஏலாது, அபார்ட்மெண்ட் கூரையில் எங்க கொழுவுறது?

நான் சொல்ல வந்தது வேற. பிள்ளை பிறக்க முதலே மருமகள் என்னையும் இவரையும் கக்குவான் ஊசி போட்டுக்கொண்டு வரச்சொல்லிக் கேட்டவள். பிள்ளையைத் தூக்க இரண்டு கிழமைக்கு முன்னம் போட்டிருக்க வேணுமாம். இவருக்குச் சரியான கோபம். "பேத்தியைத் தூக்க எனக்கு ஊசியோ?" எண்டு இரண்டு நாள் கதைக்கவில்லை. பிறகு குடும்ப வைத்தியர் விளங்கப்படுத்தினார்: கக்குவான் பெரிய ஆக்களுக்கு வெறும் இருமல் மாதிரி வந்து போகும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு மூச்சே நிண்டுபோகும், அந்த வயசில் பிள்ளைக்குத் தடுப்பூசி தொடங்கியிருக்காது. இவர் பேசாமல் சட்டைக் கையை மடிச்சுக் கொடுத்தார். முகத்தில் கொஞ்சுறதும் இல்லை, காலில்தான் கொஞ்சுவோம். உங்கட நாத்தனாருக்கும் கால்தான் எண்டு நர்ஸ் சொன்னதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

காயல்காற்று:

எங்கள் முஸ்லிம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் வலது காதில் பாங்கு, இடது காதில் இகாமத் என்று தொழுகை அழைப்பைச் சொல்வோம். அப்புறம் தஹ்னீக், பேரீச்சம்பழத்தை மென்று அண்ணத்தில் லேசாகத் தடவுவது. ஏழாம் நாள் அகீகா, அதாவது ஆடு அறுத்துக் கொடுப்பது, தலைமுடி இறக்கி அந்த எடைக்கு வெள்ளியின் விலையைத் தர்மம் கொடுப்பது. போன வருடம் என் பேரனுக்கு என் வாப்பா தஹ்னீக் செய்ய ஆசைப்பட்டார். அவருக்கு அப்போது சளி. டாக்டரம்மா "மென்றதை வைக்காதீங்க, வாயில இருக்கிற கிருமி அப்படியே போகும்" என்றார். கடைசியில் பழத்தைக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணியில் நசுக்கி, கழுவிய விரல் நுனியில் பட்டும் படாமலும் தொட்டு வைத்தோம். வாப்பாவுக்கு மனது நிறைந்தது. நர்ஸம்மா இதையும் வேண்டாம் என்பீர்களா?

நர்ஸம்மா:

வேண்டாம் என்றுதான் எழுதிக் கொடுப்பேன், அது என் வேலை. மென்று வைத்ததற்கு நீங்கள் செய்தது எவ்வளவோ மேல். எடை குறைந்த குழந்தை, குறைமாதக் குழந்தை என்றால் அதுகூடக் கூடாது.

நெல்லை மருமகள்:

சேனையோடு முடிந்ததா, குளிப்பாட்டுகிற ஆச்சியைப் பற்றி யாரும் பேசவில்லையே! எங்கள் தெருவில் ஒரு ஆச்சி உண்டு. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே குழந்தையைக் குப்புறப் போட்டு, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி, மறுகையால் வெந்நீரை முதுகில் சளார் சளார் என்று ஊற்றுவார்கள். பார்க்க நமக்குப் பகீரென்று இருக்கும், பிள்ளை முடிந்ததும் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கும். அந்தக் கைநேர்த்தி எனக்கு வரவே வராது. ஆனால் கூடவே மூக்கில் எண்ணெய் விடுவது, காதில் ஊதுவது, மார்பைப் பிதுக்குவது எல்லாம் உண்டு. என் மகளுக்கு மார்பைப் பிதுக்க வந்தபோது நான் கத்திவிட்டேன். ஆச்சி கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள், மாமியார் போய்ச் சமாதானம் சொல்லிக் கூட்டி வந்தார்.

நர்ஸம்மா:

நல்ல வேளை கத்தினீர்கள். அம்மாவின் ஹார்மோன் குழந்தைக்கும் போயிருப்பதால் ஆணோ பெண்ணோ சில குழந்தைகளுக்கு மார்பு லேசாக வீங்கி, சொட்டுப் பால்கூட வரும். சில வாரங்களில் தானாக வற்றிவிடும். பிதுக்கினால் சீழ் பிடிக்கும், நான் பார்த்திருக்கிறேன், அறுத்து எடுக்கவேண்டி வந்தது. மூக்கில், காதில் எண்ணெய் வேண்டாம், மூக்கில் விடுவது நுரையீரலுக்குப் போய்விடும். கண்ணுக்கு மை வேண்டாம், திருஷ்டிப் பொட்டை வைத்தே ஆகவேண்டும் என்றால் உள்ளங்காலில் வையுங்கள். தொப்புள்கொடியில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வைக்காமல் காயவிட்டாலே பத்துப் பதினைந்து நாளுக்குள் விழுந்துவிடும். சாம்பிராணிப் புகை குழந்தை இருக்கும் அறைக்குள்ளேயே வேண்டாம். பிறந்ததும் குளிப்பாட்ட அவசரப்படாதீர்கள், ஒரு நாள் கழியட்டும்.

ஆச்சியின் குளியலை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். கொடி விழுந்த பிறகு, தண்ணியின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த மாதிரி நீவி விடுவது நல்லதுதான்.

பெரியகுளத்தம்மா:

எல்லோருக்கும் பதில் எழுதத் தெரியவில்லை, மொத்தமாக நன்றி. மதினியிடம் பேசிவிட்டேன்.

நேரே சேனைப் பேச்சை எடுக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய் வெற்றிலை நறுக்கிக் கொடுத்துக்கொண்டே, "மதினி, உங்க கையாலதான் எல்லாம் நடக்கணும், ஆனா ஆஸ்பத்திரியில வாயில ஒண்ணும் வைக்க விடமாட்டாங்களாம், அதுக்கு ஒரு வழி பண்ணணும்" என்று ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியைச் சொன்னதால் மருமகள் தலை உருளவில்லை. முதலில் "காலம் கெட்டுப்போச்சு" என்று ஒரு மூச்சு பாடினார். தேன் ஆகாது என்றதும், "அப்ப சீனிகூடவா ஆகாது?" உள்ளங்காலில் வைக்கலாமாம் என்றேன். "காலுல வச்சா குணம் எப்படிடீ தலைக்கு ஏறும்?"

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த அவர் பேத்தி, காலேஜ் படிக்கிறவள், தலையைத் தூக்காமலே "பாம்பு கால்லதான் கடிக்குது, விஷம் தலைக்கு ஏறலையா ஆத்தா?" என்றாள். மதினி சிரித்துவிட்டார். சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை, ஆனால் எந்தச் சேலை கட்டிக்கொண்டு வருவது என்று கேட்டார்.

அரைத்தூக்கம்:

அந்தக் காலேஜ் பேத்தியை எங்கள் வீட்டுக்கு ஒரு வாரம் அனுப்பி வைக்க முடியுமா?

பெரியகுளத்தம்மா:

பேத்தி பிறந்துவிட்டாள்! சுகப்பிரசவம், இரண்டு கிலோ தொள்ளாயிரம். தாயும் பிள்ளையும் நலம். மகன் வந்து சேர்வதற்குள் பிறந்துவிட்டாள், மதுரையில் இறங்கியதும்தான் அவனுக்கே தெரியும், பஸ் ஸ்டாண்டிலேயே அழுதானாம்.

நாங்கள் மறுநாள் போனோம். மதினி வந்தார், சுங்குடிச் சேலையில். வார்டு வாசலில் இருந்த குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார், வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை கழுவினார், இத்தனைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் வலது காலைத் துணியிலிருந்து எடுத்து, கட்டைவிரல் அளவுகூட இல்லாத அந்தக் குதிகாலைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு சொட்டு சீனித்தண்ணி. பிள்ளை காலை உதறியது. "பாரு, உதறுறா, என்னை மாதிரியே ரோஷக்காரி" என்றார். மருமகள் ஈரத்துணியைக் கையிலேயே தயாராக வைத்திருந்து துடைத்துவிட்டாள். மிச்சச் சீனியை வார்டில் இருந்த எல்லோர் கையிலும் போட்டு, ஆயாவுக்கும் கொடுத்து, "சேனை வச்சாச்சு" என்று அறிவித்துவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் சம்பந்தியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முதல் நாள் ராத்திரி பிள்ளை விடாமல் அழுததாகவும், மகள் அசந்து தூங்கியதாகவும், குளுக்கோஸ் கலந்த தண்ணி இரண்டு பாலாடைக் கிண்ணி கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். மகளிடம் சொல்லாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். என் பக்கத்து ஆட்களை எல்லாம் கட்டிப்போட்டுவிட்டு வந்தால் அந்தப் பக்கம் இப்படி. நர்ஸம்மா, ஏதும் ஆகுமா? மருமகளிடம் சொல்வதா வேண்டாமா?

நர்ஸம்மா:

முதலில் வாழ்த்துகள் அக்கா. பயப்படாதீர்கள். குழந்தை மார்பில் வாய் வைத்துப் பிடிக்கிறதா, கறுப்பு மலம் போனதா, சிறுநீர் போகிறதா பாருங்கள். இரண்டாம் மூன்றாம் நாள் கொஞ்சமாகத்தான் போகும், ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் போகவேண்டும். எடை முதலில் கொஞ்சம் இறங்கும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கு வந்துவிடும். காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுப்பது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பூப்பது, இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது சம்பந்தியம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். மருமகளுக்கும் தெரிந்தாகவேண்டும், அது அவள் குழந்தை. ஆனால் நீங்கள் சொல்லாதீர்கள். மாமியார் வாயிலிருந்து வந்தால் அது கோள், அம்மாவே சொன்னால் வெறும் சண்டை.

இந்த மாதிரி ராத்திரி அழுகைக்கு வைத்தியம் தண்ணி இல்லை. அடிக்கடி மார்பில் போடுவது, தாயின் நெஞ்சோடு சேர்த்து வெறும் உடம்பாகப் படுக்க வைப்பது, அப்புறம் பாட்டிகள் முறை வைத்துத் தூக்கிக்கொண்டு நடப்பது. தாத்தாவுக்கும் ஒரு முறை போடுங்கள். பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி மூன்றும் போட்டுவிட்டார்களா என்று அட்டையில் பாருங்கள், அடுத்தது ஆறாவது வாரம்.

டொரண்டோ அப்பம்மா:

வாழ்த்துகள் பெரியகுளத்தம்மா! பல்லு முளைக்கேக்க பல்லுக்கொழுக்கட்டை அவிச்சுத் தலையில் கொட்டுங்கோ. அதுக்கு எந்த நர்சும் மறுப்புச் சொல்லமாட்டா, தலைக்குப் போடுறதுதானே, வாய்க்கில்லை.

பெரியகுளத்தம்மா:

சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். மருமகள் அம்மாவோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, ராத்திரி முதுகு வலித்ததும் "அம்மா" என்று அவரைத்தான் கூப்பிட்டாள். பிள்ளை நன்றாகக் குடிக்கிறது. அரசு ஆஸ்பத்திரி என்பதால் குழந்தைப் பெட்டகம் கொடுத்தார்கள், கொசுவலை, துண்டு, கிலுகிலுப்பையோடு தாய்க்கு சுண்டி லேகியமும் அதிலேயே இருந்தது. நான் கிண்டிக் கொண்டு போன லேகியத்தைச் சம்பந்தி வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

இப்போது பெயர்ப் பிரச்சனை. என் வீட்டுக்காரருக்கு அவர் அம்மா பெயரை வைக்கவேண்டும். அந்தப் பெயரில் ஊரில் ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள். மகனும் மருமகளும் இரண்டெழுத்தில் ஏதோ யோசித்து வைத்திருக்கிறார்கள், வாயைத் திறந்து சொல்லமாட்டேன் என்கிறார்கள். தாய்மாமன் காப்பும் அரைஞாணும் வாங்கி வைத்துக்கொண்டு நாள் கேட்கிறார். பிறப்பை இருபத்தோரு நாளுக்குள் பதியவேண்டும் என்று சொல்கிறார்களே, அதற்குள் பெயர் முடிவாகாது போலிருக்கிறது. ஓய்வெழுத்தர் ஐயா?

ஓய்வெழுத்தர்:

பதிவு வேறு, பெயர் வேறு அம்மா. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதியவேண்டும், ஆஸ்பத்திரியில் பிறந்திருப்பதால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். பெயர் இல்லாமலே பதியலாம். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்கு மேல் பதினைந்து வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. அதனால் தாத்தா நிதானமாகச் சண்டை போடட்டும்.

ஆனால் ஒன்றில் அலட்சியம் வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண்ணைக் கேட்பார்கள், அந்த அட்டையைத் தொலைக்காதீர்கள். அப்பா, அம்மா பெயர் ஆதார் அட்டையில் இருக்கிற மாதிரியே, இனிஷியல் உட்பட, தமிழிலும் ஆங்கிலத்திலும் சரியாக இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியிலேயே பார்த்துவிடச் சொல்லுங்கள். அங்கே திருத்துவது ஐந்து நிமிட வேலை, வெளியே வந்தபிறகு திருத்த நான் பட்ட பாட்டை எழுத இந்த இழை போதாது.

பெரியகுளத்தம்மா:

பார்த்தோம் ஐயா. மகன் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. காலையில் ஆதாரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். அப்பா ஆகிவிட்டானே தவிர ஆதார் எங்கே இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்கிறான்.